கோப்பெங் குதிரைகள்

ரப்பர் விலை தலைகுப்புற விழுந்து, வெட்டுகிற பாலுக்கெல்லாம் அரசாங்கம் அளவு வைத்திருந்த காலம் அது. உலகத்தில் ரப்பர் அதிகமாகிவிட்டதாம். அதனால் குறைவாக வெட்டி நிறைய முன்னேற வேண்டும் என்று பேராக்கின் பெரிய நகரமான ஈப்போவில் முடிவு செய்திருந்தார்கள். அந்த முன்னேற்றத்தில் கோப்பெங் ஊர்த் தையல்காரன் சவரிநாதன் எப்படிப் போய் மாட்டிக்கொண்டான் என்பதுதான் கதை. அவன் யார் வம்புக்கும் போகிறவன் இல்லை. பெண்டாட்டிக்கு ஒரு மழைச்சட்டை தைத்தான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அவன் மனைவி ரோசம்மா, ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அங்கே விடியற்காலையில் எல்லாரும் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது, பெரட்டு மட்டும் உண்டு. கங்காணி பழனியப்பன் குடைக்கு அடியில் நின்று ஒவ்வொரு பேராகப் படிப்பார். தோட்டத் துரை காப்பி குடித்துவிட்டு வந்து, இன்றைக்குப் புல்வெட்டா, வீட்டுக்கா என்று சொல்லும்வரை வரிசை கலையக்கூடாது. துரை காப்பியை ஆற அமரக் குடிப்பவர்.

போன வருஷ மழையில் அப்படி நின்று நனைந்த ரோசம்மா நாற்பது நாள் காய்ச்சலில் கிடந்தாள். தோட்டத்து டிரஸர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எல்லா நோய்க்கும் கொடுக்கிற கொயினா மருந்தையே கொடுத்தார். கொடுத்துவிட்டு சவரிநாதனைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு மழைக்கு இந்த நெஞ்சு தாங்காதுப்பா" என்றார்.

சவரிநாதன் கோப்பெங்கில் ஒரு சீன மருந்துக்கடை வாசல் நடைபாதையான ஐந்தடியில் தையல் இயந்திரம் போட்டிருந்தான். அவனுக்கு உலகத்து விஷயம் தெரியாது, துணி தெரியும். மாவுச் சாக்கைப் பிரித்துத் துவைத்து, தோளிலிருந்து முழங்கால்வரை மூடுகிற மாதிரி வெட்டி, கழுத்தில் நாடா வைத்தான். அவர்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் தானாக முளைத்து, யார் கணக்கிலும் சேராமல் நின்ற இரண்டு ரப்பர் மரங்களில் பால் எடுத்து, துணியில் மூன்று பூச்சுப் பூசினான். வெறும் பால் வெயிலில் பிசுபிசுக்கும் என்பது லயத்தில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். அதற்காக அடுப்புக்கு மேலே ஏழு நாள் விறகுப் புகையில் தொங்கவிட்டான். எட்டாம் நாள் சட்டை கருவாட்டு நிறத்தில் இறங்கியது. வாசனையும் அந்த ஜாதிதான்.

ஆடி மாதத்து மழை ஒன்று வந்தது. எல்லாரும் தொப்பலாக நனைந்தார்கள். ரோசம்மாவின் முதுகில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அன்று சாயங்காலமே பக்கத்து லயத்துக் காளியம்மா இருபத்தெட்டுப் பெண்களோடு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, நாறினா நாறிட்டுப் போகுது. ஐப்பசி மழைக்குள்ள எங்களுக்கும் தச்சுக் குடுத்துடுங்க" என்றாள்.

இரண்டு மரத்துப் பால் முப்பது பேருக்குக் காணாது. வெளியே வாங்கலாம் என்றால் பால் வாங்கவும் வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டும். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சதாசிவம்தான் வழி சொன்னார். ஈப்போவில் புதிதாக ஓர் ஆபீஸ் திறந்திருக்கிறார்கள், புதுத் துணி, புது உடுப்பு யார் கண்டுபிடித்தாலும் தூக்கிவிடுவதுதான் அதன் வேலை என்றார். சவரிநாதன் ரோசம்மாவின் மழைச்சட்டையை மாதிரிக்காக மடித்து எடுத்துக்கொண்டு மோட்டார் பஸ் ஏறினான்.

ஆபீசின் பெயர் 'பேராக் உடுப்புத் தொழில் உன்னத ஊக்குவிப்புக் கமிட்டி'. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளமாக இருந்ததால் பக்கத்துக் கட்டடத்துச் சுவரையும் கொஞ்சம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உள்ளே ஒரு பெரிய அறை, இரண்டு மேசை. ஒரு மேசையில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு தலைமைக் கிராணி ஆம்புரோஸ் உட்கார்ந்திருந்தார். கமிட்டி தொடங்கி இரண்டு வருஷம் ஆகியும் ஒருவரும் புதுசாக எதையும் கொண்டு வராததால், சவரிநாதனைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் பதற்றமாகவே இருந்தது.

"புதுசு புதுசுங்கிறீரே, இதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஃபைல் இருக்கா?" என்றார்.

"இல்லைங்க ஐயா. புதுசுதானே?"

"அதெப்படிலா? முன்னாடி ஃபைல் இல்லாத புதுசை எதுல கொண்டு போய் வைக்கிறது? மேசை மேலயா?" என்று எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். அதில் மூன்றே ஃபைல்கள் இருந்தன. ஒன்று கூடாரம், ஒன்று கப்பல் பாய், ஒன்று குதிரைப் போர்வை. ஆம்புரோஸ் மழைச்சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"முதுகை மூடுமா?"

"மூடும் ஐயா."

"கழுத்துல கட்டணுமா?"

"ஆமாங்க, நாடா இருக்கு."

"அப்போ குதிரைப் போர்வைதான். சந்தேகமே இல்ல. இப்படிக் கையெழுத்துப் போடும்."

சவரிநாதன் தயங்கினான். "ஐயா, இது என் சம்சாரத்துக்கு..."

"சம்சாரம்னு எழுத இந்தப் பாரத்துல இடமே இல்லய்யா. குதிரைன்னு இருக்கு. உமக்கு உதவி வேணுமா, வேணாமா?"

உதவி வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டான். ஒன்பதாவது கேள்வி, 'உபயோகித்த ரப்பர் பால் எவ்வளவு?' என்று இருந்தது. உள்ளது உள்ளபடி இரண்டு டின் என்று எழுதினான். ஆம்புரோஸ் அதைப் படித்தார், மை ஒற்றினார், முத்திரை குத்தினார். பிறகு எழுந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பக்கத்து ஆணியிலிருந்த காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டு அடுத்த மேசையில் போய் உட்கார்ந்தார்.

"உம்ம பேர் என்ன?" என்றார், முன்பின் பார்த்திராதவர் மாதிரி.

"ஐயா, இப்பத்தானே பேசிக்கிட்டிருந்தோம்?"

"அது ஊக்குவிப்பு. இது ரப்பர் கட்டுப்பாடு. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, கடிதம் மட்டுந்தான். லைசென்ஸ் இல்லாம ரெண்டு டின் பால் வச்சிருந்ததா ஊக்குவிப்புக் கமிட்டியில இருந்து இப்பத்தான் எனக்குத் தகவல் வந்துச்சு. உண்மையா?"

மறுக்க முடியவில்லை. கையெழுத்து அவனுடையதுதான். மழைச்சட்டை சாட்சிப் பொருளாகி, சீட்டுக் கட்டப்பட்டு இரும்பு அலமாரிக்குள் போனது. வழக்கை எப்போது எடுப்பது என்று பிறகு சொல்வார்களாம். ஆம்புரோஸ் மறுபடியும் வெள்ளைக் கோட்டுக்கு மாறி, அவனை வாசல்வரை வந்து வழியனுப்பினார். "மனசைத் தளரவிடாதேயும். உம்மைப் போல ஆளுங்களுக்குத்தான் நாங்க இருக்கோம்" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ரோசம்மா, "ஒண்ணு இருந்துச்சு. அதையும் குடுத்துட்டு வந்துட்டீங்களா?" என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்துக் குதிரையைப் பரிசோதிக்க ஈப்போவிலிருந்து ஆள் வந்தார். அவர் கால்நடை இன்ஸ்பெக்டர் லூயிஸ், மரியாதையான மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "குதிரை எங்கே கட்டியிருக்கு?" என்று கேட்டார். சவரிநாதன் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னான். லூயிஸ் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. என் கண்ணுக்கும் அவங்க உங்க வீட்டம்மாவாத்தான் தெரியுறாங்க. ஆனா கண்ணால பார்க்கிறதை எழுத எனக்கு அதிகாரம் இல்ல. காகிதத்துல இருக்கிறதைச் சரிபார்க்கத்தான் அனுப்பியிருக்காங்க. குதிரை இல்லைன்னு நான் எழுதினா, பொய் மனுக் கொடுத்ததா உங்க மேல இன்னொரு கேஸ் வரும். எப்படி வசதி?"

சவரிநாதன் ரோசம்மாவைப் பார்த்தான். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எழுதிக்குங்க" என்றாள்.

லூயிஸ் தள்ளி நின்றே விசாரித்தார். உயரம் நாலடி பத்தங்குலம் என்றதும், குதிரையை அளக்கிற கை அளவில் கணக்குப் போட்டு, "பதினாலரைக் கை. நல்ல ஒசரம்" என்று பாராட்டினார். பல் எத்தனை என்றார். முப்பத்திரண்டு என்றாள். "பெண் குதிரைக்கு முப்பத்தாறாவது இருக்கணுமே. பரவாயில்ல, இன்னும் முளைக்கும்னு போட்டுக்கிறேன்" என்றார். கடைசியாகச் சுபாவம் எப்படி என்று கேட்டார்.

"கடிக்கும்னு எழுதிக்குங்க" என்றாள் ரோசம்மா.

அதையும் எழுதிக்கொண்டு, தொப்பியை வைத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க லயத்தில் சிரிப்பு அடங்கவில்லை. சவரிநாதன் மட்டும் சிரிக்கவில்லை. ஐப்பசிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

புரட்டாசியில் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. ஐந்து அங்கத்தினர்கள் கூடி மழைச்சட்டையை மேம்படுத்திவிட்டார்களாம். பெரட்டில் ஒரு நாளும் நின்றிராத ஐந்து பேர் அவர்கள். புகை வாசனை நாட்டின் கௌரவத்துக்குப் பொருந்தாது, அதனால் புகை கூடாது. கழுத்துக்கு வெல்வெட் வேண்டும். ஆறு பித்தளைப் பொத்தான் வேண்டும். முதுகில், கமிட்டியின் சின்னமான ஊசி பிடித்த புலி வேண்டும். இப்படி ஒன்று தைத்து ஈப்போ திடலில் நடக்கும் கண்காட்சிக்குக் கொண்டுவந்தால் லைசென்ஸ் பற்றி யோசிக்கப்படும். அந்த ஒன்றுக்கு மட்டும் பால் வாங்க அனுமதிச் சீட்டும் உள்ளே இருந்தது.

சவரிநாதன் ஓடிப்போய் ஆம்புரோசைப் பார்த்தான். "ஐயா, புகை போடலைன்னா வெயில்ல ஒட்டும் ஐயா. விடவே விடாது."

"அதைக் கூட்டம் நடக்கும்போதுல்ல சொல்லியிருக்கணும்?"

"என்னை யாருங்க கூப்பிட்டா?"

"கண்டுபிடிச்சவரைக் கூப்பிட்டா அங்கத்தினருங்க சுதந்திரமாப் பேச முடியுமாலா?" என்று ஆம்புரோஸ் நியாயம் கேட்டார். சவரிநாதன் திரும்பி வந்து, கடிதத்தில் சொன்னபடியே தைத்தான். புலி கொஞ்சம் பூனை மாதிரி வந்தது.

கண்காட்சி அன்று சூரியன் கல்மலைகளுக்கு மேலே சுள்ளென்று ஏறியிருந்தது. உபயோகிப்பவர்கள் என்ற பெயரில் முன்வரிசையில் நிற்க ரோசம்மாவையும் காளியம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். கமிட்டித் தலைவர் ஹார்ட்லி துரை, தானே மழைச்சட்டையை அணிந்து காட்டுவது என்று பெருந்தன்மையாக முடிவு செய்திருந்தார். ஆறு பொத்தானையும் போட்டுக்கொண்டு, நட்ட நடு வெயிலில் நாற்காலியில் அமர்ந்தபடியே பேச்சைத் தொடங்கினார். துரை இங்கிலீஷில் ஒன்று சொல்ல, பக்கத்தில் குனிந்து நின்ற ஆம்புரோஸ் அதைத் தமிழில் உரக்கச் சொன்னார்.

"இரண்டு ஆண்டுகளாக இந்தக் கமிட்டி ஓய்வில்லாமல் ஊக்குவித்து வருகிறது. இதுவரை ஒரு முழம் துணிகூட வெளியே வரவில்லை என்பதே நாம் எவ்வளவு எச்சரிக்கையாக ஊக்குவிக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி!"

கைதட்டினார்கள்.

"ஒரு சாதாரணத் தையல்காரன் ஒரு சாதாரணப் பொருளைக் கொண்டுவந்தான். அது மழைக்கு உபயோகப்பட்டது. அதோடு சரி. நாம் அதற்கு வெல்வெட் வைத்தோம். இன்று அது எந்த உபயோகத்துக்கும் கட்டுப்படாத உயர்ந்த நிலையை அடைந்திருக்கிறது!"

மறுபடியும் கைதட்டினார்கள். பேச்சு ஒன்றரை மணி நேரம் போனது. "ஆகவே எழுந்து நின்று சொல்கிறேன்" என்று துரை எழுந்தார். நாற்காலியும் எழுந்தது.

உட்காரப் பார்த்தார், சரியாக உட்கார முடியவில்லை. உதறப் பார்த்தார், கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. ஆம்புரோஸ் பதறிப்போய்த் தோளில் கை வைத்தார். அந்தக் கை அங்கேயே தங்கிவிட்டது. ஃபைலால் நெம்பினார், ஃபைலும் ஒட்டியது. மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆம்புரோசைப் பிடித்து இழுத்தார். மூவருமாக ஒரு சுற்றுச் சுற்றினார்கள். முன்வரிசையில் யாரோ, நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

சவரிநாதன் மேடைக்கு ஓடினான். "அசையாதீங்க துரை! இழுத்தா தோலோடதான் வரும்!"

காளியம்மா அதற்குள் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு போத்தல் தேங்காயெண்ணெயோடு வந்துவிட்டாள். பாலில் புழங்குகிற கைகளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. அவளும் ரோசம்மாவும் சேர்ந்து, தீபாவளிக்குப் பிள்ளைகளைத் தேய்க்கிற மாதிரி துரையை ஊர் பார்க்கத் தேய்த்தார்கள். சவரிநாதன் கத்தரிக்கோலால் தையலைப் பிரித்துக்கொண்டே போனான். அரை மணியில் துரை தனியாகவும் ஆம்புரோஸ் தனியாகவும் நாற்காலி தனியாகவும் வந்தார்கள்.

துரை எண்ணெய் வழிய நின்று மூச்சு வாங்கினார். "இந்த ஆளுக்கு என்ன வேண்டுமோ கொடுத்து அனுப்பு. உடனே" என்றார்.

ஆம்புரோஸ் ஒட்டிப் போன ஃபைலைப் பிரித்துப் படித்தார். "குதிரைப் போர்வை தைக்கப் பால் லைசென்ஸ். குதிரை எத்தனை?"

ஒன்றுதான் என்று சொல்ல சவரிநாதன் வாயெடுத்தான். ரோசம்மா அவன் விலாவில் இடித்தாள். அவள் இடித்ததும், அந்த ஆபீஸ் படியேறிய நாளிலிருந்து புரியாதது எல்லாம் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"முப்பது, ஐயா" என்றான்.

"சுபாவம்?"

"எல்லாம் கடிக்கும்."

துரை கையெழுத்துப் போட்டார். வழக்குத் தள்ளுபடி ஆனது. சாட்சிப் பொருள் ரோசம்மாவின் கைக்குத் திரும்பி வந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் மற்ற இருபத்தொன்பது அடுப்புக்கு மேலேயும் இருபத்தொன்பது சட்டைகள் புகைந்தன. அந்த வருஷ அறிக்கையில், கமிட்டியின் ஊக்கத்தால் கோப்பெங் வட்டாரத்தில் குதிரை வளர்ப்பு முப்பது மடங்கு பெருகியிருப்பதாக எழுதினார்கள்.

கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பதிவான குதிரைகளுக்குச் சட்டப்படி அனுப்ப வேண்டிய நோட்டீசை லூயிஸ் அனுப்பிவிட்டார். கடமை தவறாத மனிதர் அவர். தமிழிலும் அச்சடித்திருந்ததைப் பெரட்டுத் திடலில் ஒட்டிவிட்டுப் போனார்கள். பெண்கள் சவரிநாதனைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னார்கள்.

"பதிவு பெற்ற குதிரையை மழையில் நிறுத்தி வைக்கக் கூடாது" என்று படித்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இருமல் கண்ட குதிரைக்கு வேலை கொடுக்கக் கூடாது. குணமாகும்வரை ஒழுகாத கூரையின் கீழ் வைத்து, தீனி குறையாமல் வைத்தியம் பார்க்க வேண்டும்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணே, அதை இன்னொரு தரம் படிங்க" என்றாள் காளியம்மா. சவரிநாதன் இன்னொரு தரம் படித்தான். நாற்பது நாள் காய்ச்சலுக்குக் கொயினா கொடுத்த அதே ஊரில்தான் இந்தச் சட்டமும் இருந்திருக்கிறது என்று நினைக்க நினைக்க அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

"பத்து வருஷம் மனுஷியா நின்னேன். ஒருத்தரும் உள்ள போன்னு சொல்லல. போங்க, எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் படுங்க. நாளைக்கு மழை வரும்" என்றாள் ரோசம்மா.

வந்தது. விடியற்காலையில் பழனியப்பன் கங்காணி திடலில் நின்று முப்பது பேரையும் படித்தார். குரல் கொடுக்க ஆளில்லை. லயத்துக்கு வந்து கத்தினார். சட்டை போட்ட முப்பது பேரும் அவரவர் வாசலில் சாவதானமாக உட்கார்ந்து, நோட்டீசைப் பார்க்கச் சொன்னார்கள். தோட்டத் துரை காப்பியை அப்படியே வைத்துவிட்டு ஈப்போவுக்கு எழுதினார். செத்தாலொழியக் குதிரையைப் பதிவிலிருந்து நீக்க வழியில்லை என்று பதில் வந்தது. அந்த மழைக்காலம் முழுக்க ரோசம்மா ஒரு தடவைகூட இருமவில்லை.

கங்காணிக்கு மட்டும் பெரட்டு நிற்கவில்லை. திடலில் நின்று பேர் படிக்க வேண்டும் என்பது அவருக்கு இருந்த உத்தரவு. யாரும் வராவிட்டாலும் படித்தார். ஒரு நாள் காற்றில் குடை திரும்பிக்கொண்டு பறந்துபோனது. சொட்டச் சொட்ட நேராகச் சவரிநாதன் வாசலுக்கு வந்து நின்றார்.

"தம்பி, எனக்கும் ஒண்ணு தச்சுக் குடேன்லா."

சவரிநாதன் லைசென்சை எடுத்துப் பிரித்து, நிதானமாகப் படித்துப் பார்த்தான். உண்மையிலேயே வருத்தப்பட்டவன் போலத்தான் தலையை ஆட்டினான்.

"தச்சுடலாம் கங்காணி. ஆனா மனுஷனுக்குத் தைக்க எனக்கு லைசென்ஸ் இல்லையே."

பழனியப்பன் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கு இருபத்தொன்பது பல் இருப்பதாகச் சொன்னார்.